“நேற்று வந்தவள்” என்கிறார்கள்: மாதர் சங்கத் தலைவி பதவியை விட்டுவிடவா?

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், சபை எதையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றித்தான் இங்கே சுருக்கித் தருகிறேன்.

வயது முப்பத்தாறு. முன்பள்ளி ஆசிரியை. கணவருக்கு மேசன் வேலை, இரண்டு பிள்ளைகள். கல்யாணம் முடித்து இந்தச் சபைக்கு வந்தவர். அங்கே வழமையாகப் போதகரின் மனைவிதான் மாதர் சங்கத் தலைவி. புதிதாக மாற்றலாகி வந்த போதகரின் மனைவியும் வேலைக்குப் போகிறவர், தன்னால் ஏலாது என்று அவர் சொல்லிவிட, வருடாந்தக் கூட்டத்தில் இவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பிரச்சினை.

ஜெபக்கூட்டம் புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் ஒருவருக்கும் வரமுடியாத நேரம். திருவிருந்து ஞாயிறுகளில் வெள்ளைச் சேலையும் முக்காடும் கட்டாயம், சல்வாரில் வந்த ஒரு பிள்ளையை வாசலிலேயே வைத்து ஏசி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பிடிபிடியாகச் சேர்த்த அரிசியை விற்று வரும் பிடியரிசிக் காசை நுண்கடனில் மாட்டிக்கொண்டு தவிக்கும் பெண்களுக்கு வட்டியில்லாமல் கொடுக்கலாம் என்று இவர் கேட்டதற்கு, பல வருடங்களாகப் பொருளாளராக இருக்கும் எழுபது தாண்டிய அம்மாச்சி கணக்குக் கொப்பியைக் காட்டவே மறுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் விடப் பெரியது மாதர் ஞாயிறன்று நடந்தது. ஒரு பச்சைக்குழந்தையை முதன்முதலாக ஆலயத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி ஜெபிக்கும்படி, 2009இல் கணவர் காணாமற்போன ஒரு அக்காவை இவர் முன்னுக்கு அழைத்தார். “நல்ல காரியத்துக்கு அவ எதுக்கு?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நடந்து வந்துகொண்டிருந்த அக்கா அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வரவேயில்லை.

இப்போது “நேற்று வந்தவள் எங்களுக்குப் படிப்பிக்க வந்திட்டாள்” என்று பேச்சு. மாமியும் அந்தப் பக்கம்தான். கணவர் “விட்டுப்போட்டு வீட்டில் இரு” என்கிறார். சகோதரி கேட்பது இதுதான்: பதவியை விடவா, அல்லது இளம் பெண்களைச் சேர்த்து வேறாக ஒரு ஐக்கியம் தொடங்கவா? பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று வேதத்திலேயே இருக்கும்போது இதையெல்லாம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

அன்புள்ள சகோதரி,

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு விலக வேண்டாம், வேறு ஐக்கியமும் தொடங்க வேண்டாம். நீங்கள் எழுதிய நாலு விஷயத்தையும் ஒரே சண்டையாகப் பார்க்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு களைத்துப்போயிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. சல்வாரும் வெள்ளைச் சேலையும் ஒருவருக்குப் பிடிக்கும், ஒருவருக்குப் பிடிக்காது. கூட்ட நேரம் பெண்களை வெளியே நிறுத்துகிறது. அந்த அக்காவுக்கு நடந்ததோ ஒரு மனுஷியை ஆலயத்திலிருந்தே துரத்திவிட்டது. இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பேசினால், நியாயமாகக் கேட்கவேண்டியதும் சேலைத் தகராறாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

முதலில் அந்த அக்காவிடம் போங்கள்

கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “அவவுக்கு ஒரு நல்ல ஆச்சரியமாக இருக்கட்டும் என்று முதலில் சொல்லாமல் அழைத்தேன்.” உங்கள் மனம் எவ்வளவு நல்லது என்று அந்த வரியில் தெரிகிறது. ஆனாலும் சகோதரி, அது சரியில்லை. இவ்வளவு காலமும் கல்யாண வீட்டில் ஓரமாக நின்று, மஞ்சள் நீராட்டில் குசினிக்குள்ளேயே வேலை செய்து, எந்த இடத்தில் நின்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று பழகிக்கொண்ட ஒருவரை, நூறு பேர் பார்க்க நடுவுக்கு அழைத்தீர்கள். பின்னால் வந்த அந்தச் சொல்லுக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல் வரக்கூடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். “வரட்டுமா, வேண்டாமா” என்று முடிவு செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

தனியாகப் போங்கள். போதகரையோ சங்கத்து ஆட்களையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். பின்னேரம் வேலை முடிந்த நேரமாகப் பார்த்து, குசினி வாசலில் இருந்து கதைக்கிற மாதிரிப் போங்கள். “கேட்காமல் கூப்பிட்டது என் பிழை, மன்னியுங்கோ அக்கா” என்று சொல்லுங்கள். திரும்ப ஆலயத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். உங்கள் வாதத்துக்கு அவரை உதாரணமாகவும் காட்ட வேண்டாம், சங்கக் கூட்டத்தில் அவர் பெயரையே எடுக்க வேண்டாம். என்ன வேண்டும் என்று அவரே சொல்லட்டும், ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த கிழமையும் போங்கள்.

இன்னொன்று. கடிதம் முழுக்க நீங்களும் அவரை “விதவை” என்றே எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்படிச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். வன்னியில் கணவரை இராணுவத்திடம் கையளித்த பெண்களும் இருக்கிறார்கள், கடைசியாகப் பங்கர் வாசலில் பார்த்த பெண்களும் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிற ஒருவரை விதவை என்று கூப்பிடுவது, அவருக்காக நாங்களே கணவரைச் சாகடிப்பது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய, காணாமற்போனவர்களின் உறவுகளின் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் அந்தக் கொட்டிலில் இருந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்டது மரணச் சான்றிதழ் இல்லையே. சட்டம்கூட இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற்று, அரச கொடுப்பனவு, பிள்ளைகளின் பாதுகாவல், சொத்து போன்ற அலுவல்களைப் பார்க்கலாம். அதைக்கூட எடுக்கமாட்டோம் என்று நிற்கிற குடும்பங்கள் நிறைய. அது அவரவர் முடிவு. அந்த அக்காவுக்கு இந்த விபரம் தேவைப்பட்டால், அவர் கேட்டால் மட்டும், பிரதேச செயலகத்துக்குக் கூடப் போய்வர ஒரு துணையாக இருங்கள்.

சபைப் பாரம்பரியம் எது, ஊர் வழக்கம் எது

“பாரம்பரியத்தோடு மோதுகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாரம்பரியம்? கணவர் இல்லாத பெண் நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்று எந்தச் சபையின் ஒழுங்கிலும் இல்லை. எங்கள் ஊர் வழக்கம் எங்களோடு சேர்ந்து ஆலயத்துக்குள் வந்து, வெள்ளை உடுத்தி முன்வரிசையில் இருந்துகொண்டது, அவ்வளவுதான். வேதத்தைத் திறந்து பார்த்தால் நேர் எதிராக இருக்கிறது. குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்த அன்று அங்கே வந்து நின்றவள் அன்னாள். எண்பத்துநாலு வயது, கல்யாணமாகி ஏழு வருடத்திலேயே கணவரை இழந்தவள். மீட்புக்காகக் காத்திருந்த எல்லோருக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியவளும் அவள்தான். லூக்கா இரண்டாம் அதிகாரம். ஆலயத்துக்கு முதன்முதல் கொண்டுவந்த பிள்ளை, கணவர் இல்லாத பெண்: நீங்கள் மாதர் ஞாயிறன்று செய்யப்பார்த்த காரியம் அந்த அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. இதை ஒரு புதன்கிழமை வேத வாசிப்பாக எடுங்கள். விளக்கவுரை வேண்டாம், யாரையும் குத்திக்காட்டவும் வேண்டாம். முடியுமானால் அம்மாச்சியையே வாசிக்கச் சொல்லுங்கள்.

பெண்கள் பேசக்கூடாது என்ற வசனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வேதபண்டிதை இல்லை. ஆனால் ஒரு கடிதத்தை முழுதாக வாசிக்கவேண்டும் என்று தெரியும். சபையில் பெண்கள் அமைதியாக இருக்கட்டும் என்று 1 கொரிந்தியர் 14இல் எழுதிய அதே பவுல், அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் பெண் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடட்டும் என்கிறார். முக்காட்டுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது அந்த வசனத்தைத்தான். அந்த வசனமே பெண்கள் சபையில் வாய்திறந்து ஜெபிக்கிறார்கள், பேசுகிறார்கள் என்பதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ரோமர் 16இல் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பெயர் சொல்லி எழுதியதும் பவுல்தான்.

சபைகளும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனரிகள் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. இன்று உங்கள் அம்மாச்சி பெருமையாகச் சொல்லும் ‘மிஷன் பாரம்பரியம்’ அங்கேயிருந்துதான் வருகிறது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை எழுபதுகளில் பெண்களைக் குருத்துவத்துக்கு அபிஷேகம் செய்யத் தொடங்கியது, 2013இல் ஒரு பெண்ணைப் பேராயராகவும் ஆக்கியது. இதையெல்லாம் கூட்டத்தில் எடுத்து வீசி வாதாடச் சொல்லவில்லை. உங்கள் மனம் தடுமாறும்போது உங்களுக்கு இருக்கட்டும்.

கொப்பியும் பிடியரிசியும்

அம்மாச்சி கொப்பியைக் காட்டமாட்டேன் என்றதும் நீங்கள் உடனே காசு போய்விட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கடிதத்தின் நடுவில் நீங்களே எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்தக் கொப்பி 2008இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது அம்மாச்சியின் உடுப்புப் பையில் போனது, தருமபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து, திரும்பி ஊருக்கு வந்திருக்கிறது. மழையில் நனைந்து மை ஊறிய ஒற்றைகள், பொலித்தீன் பையில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில்.

அந்தக் கொப்பியில் அரிசி கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கும். அதில் எத்தனை பேர் திரும்பி வரவில்லையோ. “கணக்கைக் காட்டுங்கோ” என்று கூட்டத்தில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அம்மாச்சியின் காதில் அது வேறு விதமாக விழுந்திருக்கலாம். ஆலயமே இல்லாத இடத்தில், போதகர் இல்லாத கிழமைகளில், நாலு பெண்களைக் கூட்டி ஜெபித்து இந்தச் சங்கத்தை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவர் அவர்.

பிடியரிசியும் சின்ன விஷயமில்லை. உலைக்கு அரிசி எடுக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பழைய பால்மா ரின்னில் போட்டு, மாதம் முடிய ஆலயத்தில் கொட்டி, விற்ற காசை ஊழியத்துக்குக் கொடுப்பது. புருஷனைக் கேட்காமல், கையில் ஒரு சதம் இல்லாத பெண்ணும் கொடுக்கக்கூடிய காணிக்கை அது. சபைக்கமிட்டியில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருந்த காலத்தில், பெண்கள் தாங்களே சேர்த்துத் தாங்களே முடிவெடுத்த காசு அது ஒன்றுதான். அதைக் கைவிட்டுப் போகவிடாமல் அம்மாச்சி பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அதற்காகக் கணக்கு மூடியே இருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். பொதுக்காசு, கணக்குக் காட்டத்தான் வேண்டும். செய்யும் விதத்தை மாற்றுங்கள். அவர் வீட்டுக்குப் போங்கள், பழைய கொப்பியைக் கணக்குப் பார்ப்பதற்காகக் கேட்காதீர்கள், அதில் இருக்கும் பெயர்களைப் பற்றிக் கேளுங்கள். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். இன்றைய மிச்சக் காசிலிருந்து புதுக் கொப்பி தொடங்கலாம் என்று கேளுங்கள்: தலைவி, செயலாளர், பொருளாளர் மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்து வைத்தால்தான் எடுக்கமுடியும் என்று சங்கத்தின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பது. பொருளாளராக அவரே இருக்கட்டும், எழுத உதவிக்கு ஒரு இளம் பிள்ளையைச் சேருங்கள். மிச்சக் காசையும் சொல்ல மறுத்தால் மட்டும் போதகரிடமும் கணக்குப் பரிசோதகரிடமும் எழுத்தில் கொண்டுபோங்கள்.

கடன் கொடுக்கும் யோசனையில் நான் உங்களோடு உடன்படவில்லை. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பதையும், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதையும், குழுப் பிணை நின்ற பக்கத்துவீட்டுக்காரியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போவதையும் வன்னியில் வேலை செய்கிற எல்லோரும் கண்டிருக்கிறோம், உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சங்கம் கடன் கொடுத்தால், திருப்பிக் கட்ட முடியாதவள் அடுத்த புதன்கிழமை ஜெபத்துக்கு வரமாட்டாள். வட்டி இல்லாவிட்டாலும் வெட்கம் இருக்கிறதே. கொடுக்கிறதாக இருந்தால் சின்னத் தொகையாக, மருந்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாமானுக்கும், திரும்பக் கேட்காத உதவியாகக் கொடுங்கள். யாருக்குக் கொடுத்தது என்பது மூன்று பேருக்கு மேல் தெரியக்கூடாது. கடன்தான் தேவை என்கிறவர்களை உங்கள் ஊரின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ சேர்த்துவிடுங்கள், அதற்கென்று விதிமுறையும் மேற்பார்வையும் அங்கே இருக்கிறது.

நேரத்தை மாற்றுவது உங்கள் அதிகாரத்தில் இருக்கிறதா

“போதகர் சம்மதித்தால்தான் மாற்றலாம்” என்று நினைக்கிறீர்கள். “தலைவி நான், நான் மாற்றலாம்” என்றும் இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. மாதர் சங்கங்களுக்கு எழுதிய ஒழுங்குவிதிகள் இருக்கும், கேட்டு வாங்கி வாசியுங்கள், கிடைக்காவிட்டால் பேராயரின் கீழுள்ள ஆதீன மட்டத்து அல்லது சேகர மட்டத்துப் பெண்கள் சங்கத்திடம் கேளுங்கள். பொதுவாக இப்படியான முடிவை முறையாக அறிவித்த கூட்டத்தில் அங்கத்தவர்கள்தான் எடுக்கவேண்டும். வராதவர்களும் அங்கத்தவர்கள்தானே. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளின் பெயர் இடாப்பில் இருக்கிறதா, சந்தா கட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்காக நீங்கள் எவ்வளவு பேசினாலும் வாக்கு இல்லை.

தனி ஐக்கியம் தொடங்கினால் முதல் ஆறு மாதம் உற்சாகமாக இருக்கும். பிறகு ஒரு சின்னச் சபைக்குள் இரண்டு பெண்கள் கூட்டம், இரண்டு காணிக்கை, கிறிஸ்மஸ் கரோலுக்கு யார் முன்னுக்கு என்ற பிரச்சினை. மாமி ஒன்றில், மருமகள் மற்றதில். உங்கள் வீட்டுக்குள்ளேயே அது வந்துவிடும். அதைவிட, ஒரே சங்கம் இரண்டு நேரம் என்று கேட்டுப் பாருங்கள்: புதன்கிழமை மூன்று மணி அப்படியே இருக்கட்டும், அதில் கை வைக்காதீர்கள், வயதானவர்களுக்கு அந்த வெளிச்சத்தோடு வீடு திரும்பவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இன்னொரு கூட்டம், எல்லோருக்கும் பொதுவாக. காலபோக அறுவடை நேரத்தில் இரண்டும் குறையும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

வெள்ளைச் சேலையை இந்த வருடம் தொடாதீர்கள். நீங்களும் திருவிருந்து ஞாயிறில் அதைக் கட்டிக்கொண்டே போங்கள். இப்போது மல்லுக்கட்ட வேண்டிய விஷயம் அது இல்லை. ஆனால் வாசலில் வைத்து ஒரு பிள்ளையை ஏசியது வேறு, அதை விடமுடியாது. அந்தப் பிள்ளையிடம் போய்க் கதையுங்கள், ஏசியவரிடமும் தனியாகச் சொல்லுங்கள், உடுப்பைப் பற்றி ஏதும் சொல்வதென்றால் வீட்டில் வைத்துச் சொல்லலாம், ஆலய வாசலில் ஒருவரையும் மறிக்க வேண்டாம் என்று.

வீடும் நித்திரையும்

மாமியிடம் சங்கக் கதையை வீட்டில் எடுக்காதீர்கள், அவர் எடுத்தாலும் “புதன்கிழமை கதைப்பம் மாமி” என்று விட்டுவிடுங்கள். கணவர் விலகச் சொல்வதை எதிர்ப்பாக எடுக்க வேண்டாம், நீங்கள் படும் பாட்டைப் பார்த்துச் சொல்கிறார் போலிருக்கிறது.

நீங்கள் கடைசியில் ஒரே வரியில் எழுதியதுதான் எனக்குக் கவலை: இரவில் நித்திரை வருவதில்லை, புதன்கிழமை காலையில் வயிற்றைப் பிரட்டுகிறது, அந்தப் பின்வரிசைக் குரல் காதில் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இது விசுவாசக் குறைவு இல்லை சகோதரி. 2009ஐக் கடந்து வந்த உடம்பு ஒரு சின்ன அவமானத்தையும் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்ளும், அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே இருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அவசரமாகக் கதைக்கவேண்டும் போலிருந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். உடம்பு தாங்கவில்லை என்றால் பதவியை விடுவதில் வெட்கமில்லை, அப்போது நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்வேன். எல்லோர் முன்னிலையிலும் தொடர்ந்து அவமானப்படுத்தினாலும், பிள்ளைகளை இதற்குள் இழுத்தாலும் அப்படித்தான்.

ஒரு யோசனை மிச்சம் இருக்கிறது. மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப தினம். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனை ஒழுங்கை எழுதுகிறார்கள், உலகம் முழுக்கப் பெண்கள் அதை வாசித்து நடத்துகிறார்கள். “இது எங்கட வழக்கமில்லை” என்று அதில் ஒருவரும் சொல்லமுடியாது, எல்லோருக்குமே அந்த வருட ஒழுங்கு புதிது. ஆராதனையைப் பின்னேரம் ஆறு மணிக்கு வையுங்கள், வேலை முடிந்து வருகிறவர்களும் பிடிக்கலாம். வாசிக்க நிறையக் குரல் தேவைப்படும். யார் யார் எதை வாசிப்பது என்ற பட்டியலை நீங்கள் போடாதீர்கள். ஒழுங்குப் புத்தகத்தைக் கொண்டுபோய் அம்மாச்சியின் கையில் கொடுத்து, வயதானவர் ஒருவர், இளம் பிள்ளை ஒருவர் என்று சோடி சேர்த்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். அந்த அக்காவின் வீட்டுக்கும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள், வாசிக்கவேண்டும் என்றில்லை, வந்து இருந்தாலும் போதும் என்று சொல்லி.